பதினைந்து நிமிட நடை

கல் உடைக்கும் ஆலையின் வாசலில் இருந்த எடைமேடையில் அவர் இருபத்து மூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சந்தேகம்’. “இன்னைக்கு மேடையில யாரு, சந்தேகமா? சரிதான், இன்னைக்குப் பொழுது இங்கேயே போயிரும்” என்று அவர் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். அவருக்கு அதில் கோபம் வந்ததில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நாம் அவரை எடைக்காரர் என்று மரியாதையாகவே சொல்லிக்கொள்வோம்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபமானதுதான். காலி லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், ஒரு எடை. உள்ளே போய் ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்ப வரும், இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு, அதற்குத்தான் காசு. ஆனால் இந்த இரண்டு எடைகளுக்கு நடுவே மனிதப் புத்தி எத்தனை பல்டி அடிக்கும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். காலி வண்டியில் தண்ணீர் டிரம் விளிம்பு வரை தளும்பும். சரக்கேற்றி வரும்போது அதே டிரம் வறண்டு கிடக்கும். வரும்போது கேபினில் மூன்று பேர் இருப்பார்கள். போகும்போது இரண்டு பேருக்கு அவசரமாக எங்கேயோ வேலை வந்திருக்கும். பின் டயர் மேடையை விட்டு ஒரு சாண் வெளியே நிற்கும், ஓட்டுநர் முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருப்பார். எடைக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டிரம்மைத் தட்டிப் பார்த்து, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்து, அப்புறம்தான் எண்ணை எழுதுவார். அவர் எழுதிய சீட்டில் பொய் எடை இருந்தது என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

தொழில் புத்தி தொழிலோடு நின்றால் தேவலை. வீட்டுக்கும் அது கூடவே வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தது. “தலைவலிக்குது” என்று மனைவி சொன்னால், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எந்தப் பக்கம் வலி என்று கேட்பார். பக்கம் மாறினால் தீர்ந்தது. அந்த அம்மாள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவர், வாயும் வஞ்சனை இல்லாத வாய். “நான் என்ன லாரியா? ஏத்தி எறக்கிப் பாக்குறீங்களே” என்பார். போன மாதம் மேல் தட்டில் புத்தகம் அடுக்கும்போது ஏணி சறுக்கி, அவருக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு. அதையும்கூட எடைக்காரர் டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்பினார்.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தொரு வயசு வரை அந்தப் பெரிய நகரத்துக்குப் போனதே இல்லை. ரயிலில் நாலரை மணி நேரம்தான். ஆனால் ‘அங்கே எல்லாரும் ஏமாத்துறவங்க’ என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் சொல்லக் கேட்டிருந்தார். அந்த ஒரு செய்தியைத்தான் அவர் மறுபடி விசாரிக்காமலேயே நம்பினார்.

மகள் நான்கு வருஷமாக அங்கேதான் இருந்தாள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை அவளே ஊருக்கு வந்து போவாள். ஆறு மாதம் முன்னால், லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். “லிஃப்ட்டா? காலையில ஏறுறான், சாயங்காலம் எறங்குறான். ஒரு நிலையில நிக்காத பொழப்பு” என்றார் எடைக்காரர். பையன் ஊருக்கு வந்து பார்த்துப் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினான். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வந்து நிக்கிறப்போ எல்லாரும் நல்லவன்தான். டிரம்மை நெரப்பிக்கிட்டு வந்து நின்னா நான் என்னத்தக் கண்டேன்?” என்று சொல்லிவிட்டார். ஆனால் கல்யாணம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்கு அவளை மறுத்துப் பேச வராது. சந்தேகப்பட மட்டும்தான் வரும்.

போன வாரம் அவள் போன் செய்தாள்.

“அப்பா, தேதி கெடச்சுருச்சு. அடுத்த வியாழக்கிழமை காலைல பதினோரு மணி, ரிஜிஸ்டர் ஆபீஸ். என் பக்கம் சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும். அம்மாவால முடியாதுன்னு தெரியும். நீங்க வருவீங்கல்ல?”

“வர்றேன்” என்றார். ஒரே பேச்சில், கேள்வி கேட்காமல். மனைவி ஆச்சரியத்தில் மாவுக்கட்டுக் காலையே தூக்கிக் கீழே வைத்துவிட்டார்.

ஆக, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர் அந்த ஆபீசில் நிற்க வேண்டும். ஒரே மகள். அவள் கல்யாணத்துக்கு அவள் பக்கம் நிற்க அவரை விட்டால் ஆள் கிடையாது. அந்த நேரம் தவறினால் அந்த நேரம் போனதுதான்.

விஷயம் எப்படியோ கசிந்து லாரி முதலாளி ஒருவர் காதுக்குப் போயிற்று. பதினாலு வண்டி வைத்திருப்பவர். அன்று சாயங்காலமே மேடைக்கு வந்து, “நம்ம காரை எடுத்துட்டுப் போங்க சார். டிரைவரும் வருவான். அம்மா பின்னாடி காலை நீட்டிக்கிட்டு சொகமா வரலாம். கல்யாணத்துக்கு அம்மா இல்லாம எப்படி?” என்றார். பேச்சில் தேன் ஒழுகியது. எடைக்காரருக்கு உடனே அந்தப் பதினாலு வண்டியின் பின் டயர்களும் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இன்றைக்குக் காரில் ஏறினால் நாளைக்கு அந்த டயர் ஒரு சாண் வெளியே நிற்கும்போது வாயைத் திறக்க முடியுமா? “வேண்டாங்க, ரயில்ல போயிக்கிறேன்” என்றார். லாரியிலேயே ஏற்றிப் போகிறேன் என்று கூப்பிட்ட ஓட்டுநர்களுக்கும் அதே பதில்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். அப்புறம் சொன்னார், “நீங்க செஞ்சது சரிதான். ஆனா அந்தக் கார்ல நான் போயிருப்பேன்.” உண்மையில் அவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

மகள் மறுநாள் வழி சொன்னாள். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். காலை ஐந்து நாற்பது ரயில். பத்து அஞ்சுக்குக் கடைசி ஸ்டேஷன். முன் வாசலில் இறங்காமல் நடைமேம்பாலம் ஏறிப் பின் வாசலுக்கு வர வேண்டும். எதிரே ஒரு சந்து, இரண்டு பக்கமும் பழக் கிடங்கு. சந்து முடிந்ததும் ஆஸ்பத்திரி மதில் சுவர். மதிலை ஒட்டியே போய் இடது பக்கம் திரும்பினால் மஞ்சள் கட்டடம். “பதினஞ்சு நிமிஷ நடைதான்பா. பஸ்ஸு, டாக்ஸி எதுவும் வேண்டாம்.”

பதினைந்து நிமிஷம் என்ற இடத்தில் எடைக்காரரின் பேனா நின்றது. அவ்வளவு பெரிய நகரத்தில் பதினைந்து நிமிஷத்தில் என்ன வரும்? சரி, விசாரித்துப் பார்த்தால் போயிற்று. தினம் அந்த நகரத்துக்கு ஜல்லி கொண்டுபோகும் மனிதர்கள் அவர் மேடையைத் தாண்டித்தானே போகிறார்கள்?

ஆரம்பித்தார் விசாரணையை. காலி வண்டி மேடையில் ஏறியதும் ஓட்டுநரைக் கேட்பார், “ஸ்டேஷன்லேருந்து அந்தப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போக எவ்வளவு நேரம்?” பதிலை ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். சரக்கேற்றி அதே வண்டி திரும்ப வரும்போது, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப் போனால்தான் சீட்டு கோப்புக்குள் போகும். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார். ஓட்டுநர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. “என்ன சார், பரீட்சை வைக்கிறீங்களா?” என்று ஒருவன் கேட்டான். “பதிலை மட்டும் சொல்லு” என்றார்.

ஐந்து நாளில் பதினோரு பேர், ஆளுக்கு இரண்டு தடவை. அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஒன்றரை மணி நேரம். நேராகப் போக வழி கிடையாது, சுற்றுச்சாலையைப் பிடித்துத்தான் போக வேண்டும். பதினைந்து நிமிஷம் என்று யாரோ சொன்னார்கள் என்றபோது ஒருவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். “பதினஞ்சு நிமிஷத்துல வண்டியைத் திருப்பக்கூட முடியாதுண்ணே, அந்த ஊர்ல.” நகரத்துக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டால், அங்கேயே சுற்றுச்சாலை ரயில் பாதைக்கு அடியில் போகிறது, அதைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று இன்னும் இரண்டு பேர் யோசனையும் சொன்னார்கள். இரண்டு பேரும் இரண்டு தடவையும் அதையே சொன்னார்கள்.

இருபத்து மூன்று வருஷத்தில் இப்படி ஒரு சுத்தமான கணக்கை அவர் பார்த்ததில்லை. ஒரு கிலோ பிசகில்லை. அதனால்தான் பயம் வந்தது.

பத்து அஞ்சுக்கு ரயில். ஒன்றரை மணி நேரம் கூட்டினால் பதினொன்று முப்பத்தஞ்சு. கல்யாணம் பதினோரு மணிக்கு. மகள் நான்கு வருஷமாக அந்த ஊர்த் தெருக்களிலேயே அலைகிறவள், அவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். அவர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்பாவைக் கூப்பிட்டது மாதிரியும் ஆயிற்று, அப்பா வந்து ஏதாவது கேட்டு மானத்தை வாங்காமல் தப்பித்தது மாதிரியும் ஆயிற்று. அந்த லிஃப்ட்காரன் சொல்லிக் கொடுத்திருப்பான். கையெழுத்துப் போட வேறு ஆளையும் பிடித்து வைத்திருப்பார்கள்.

“உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவ எதுக்கு அப்படிச் செய்யப்போறா?” என்றார் மனைவி.

“பதினோரு பேரு சொல்றாங்கடி. நான் ஒருத்தன் பேச்சைக் கேட்டுச் சொல்லலை.”

“பதினோரு பேரும் உங்க பொண்ணா?”

அவர் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேடையில் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, மகளுக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்த ஓட்டுநரிடம் பேசுகிற அதே குரலில் பேசினார்.

“ஏம்மா, ஸ்டேஷன்லேருந்து எவ்வளவு நேரம்னு சொன்ன?”

“பதினஞ்சு நிமிஷம்பா. ஏன்?”

“சரி. எந்த வாசல்ல எறங்கணும்?”

அவளுக்கு அவருடைய முறை தெரியாதா என்ன? பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். “அப்பா, என்னை ரெண்டாந்தடவை கேக்குறீங்களா?” என்றாள்.

“ஒன்றரை மணி நேரமாகும்னு பதினோரு பேரு சொல்றாங்க. நான் வந்து நிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கணும், அதானே? அதுக்கு என்னை ஏன் கூப்பிட்ட? வராதீங்கன்னே சொல்லியிருக்கலாம்ல?”

அந்தப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் நின்றுகொண்டிருந்தாள் போல.

“நான் உங்களை லேட்டா வர வைக்கத்தான் கூப்பிட்டேன்னு நெனைக்கிறீங்க” என்றாள் கடைசியில். சத்தம் போடவில்லை. “சரிப்பா. கஷ்டப்பட்டு வர வேண்டாம். கையெழுத்துக்கு இங்க என் கூட வேலை பாக்குற பொண்ணு இருக்கா.”

போனை வைத்துவிட்டாள். பார்த்தியா, ஆள் பிடித்துத்தான் வைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார். அன்று வந்த இரண்டு வண்டிகளில் டிரம்மைத் தட்டிப் பார்க்க மறந்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை. ‘பாதித் தூக்கம்’ என்று பேர் வாங்கிய ஓட்டுநர் ஒருவர் காலி வண்டியோடு மேடையில் ஏறினார். பதினாறு வருஷமாக நகரத்துக்கு ஓட்டுகிறவர். எப்போது பார்த்தாலும் அரைக் கண் மூடியிருக்கும். பதினோரு பேரில் அவரும் ஒருவர்.

“என்ன சார், எப்பப் பயணம்?”

“தெரியலை. போறதா வேண்டாமான்னு பாக்குறேன்” என்றார் எடைக்காரர். அப்புறம் வழக்கம் விடாமல், “ஸ்டேஷன்லேருந்து ஒன்றரை மணி நேரம்னு சொன்னீங்கல்ல. அந்த ஸ்டேஷன் பின் வாசல் எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

“ஸ்டேஷனா? நான் எங்க சார் ஸ்டேஷனைப் பாத்தேன்?”

எடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். “பதினாறு வருஷமாப் போறீங்களே?”

“போறேன். பகல்ல லாரியை ஊருக்குள்ள விட மாட்டானே. ராத்திரி பத்து மணி வரைக்கும் சுத்துரோட்டுல ஓரங்கட்டிட்டு, வண்டிக்கு அடியில படுத்துத் தூங்குவேன். அப்புறம் போய்ச் சரக்கைக் கொட்டிட்டு, விடியறதுக்குள்ள வெளிய வந்துரணும். அந்த ஊருக்குள்ள ஒரு டீகூட நான் குடிச்சதில்ல சார்.”

“அப்ப அந்த ஒன்றரை மணி நேரம்?”

“அது வண்டிக்கு. கனரக வண்டி சுத்தித்தானே போகணும்? நீங்க எடைமேடையில உக்காந்து கேக்குறீங்க, நாங்க வண்டிக்குத்தான் சொல்வோம். ஏன், நடந்து போறதுக்கா கேட்டீங்க?” பாதித் தூக்கத்தின் இரண்டு கண்ணும் அன்றுதான் முழுசாகத் திறந்தன. “நடந்து போற வழி எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியாதே சார். முந்தின ஸ்டேஷன்ல எறங்கிறாதீங்க. அங்க பஸ்ஸும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. எங்க வண்டிங்கதான் நிக்கும்.”

எடைக்காரர் கோப்பைத் திறந்து அந்தப் பதினோரு சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் பொய் சொல்லவில்லை. பதினோரு பேரும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே சாலையைப் பார்த்திருக்கிறார்கள். இருபத்திரண்டு தடவை கேட்டாலும் அதே பதில்தானே வரும்? இதற்காக நாம் பெற்ற பெண்ணைத் திருடியாக்கினோமே என்று நினைத்தபோது அவருக்கு முகம் சுட்டது. வெட்கமாக இருந்தது. உடனே போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் மூன்று தடவை போட்டார். எடுக்கவில்லை.

“எடுக்க மாட்டேங்குறா. வர வேண்டாம்னு வேற சொல்லிட்டா” என்றார் வீட்டில்.

“வர வேண்டாம்னு சொன்னா? கஷ்டப்பட்டு வர வேண்டாம்னுல்ல சொன்னா?” மனைவி கட்டுக்காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார். “பக்கத்து வீட்டம்மா நாளைக்கு ராத்திரி வரைக்கும் என்கூட இருக்கேன்னுட்டாங்க. உங்க வெள்ளைச் சட்டை தேச்சு வெச்சிருக்கு. நீங்க பேசாமப் படுங்க.”

ஐந்து நாற்பது ரயிலில் அவர் ஏறினார். பையில் ஒரு தண்ணீர் பாட்டில், மகளுக்கு அம்மா கொடுத்துவிட்ட ஒரு புடவை, மகள் சொன்ன வழி எழுதிய காகிதம். எதிர்சீட்டில் இருந்தவர் “எங்க போறீங்க?” என்று கேட்டதற்குப் “பக்கத்துலதான்” என்று சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

முந்தின ஸ்டேஷனில் ரயில் இரண்டு நிமிஷம் நின்றது. அவர் எழுந்து கதவுக்குப் போனார். கீழே சுற்றுச்சாலை, அதன் ஓரம் முழுக்க லாரிகள், அடியில் கால்கள் மட்டும் தெரிய ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இரண்டு தடவையும் இங்கே இறங்கச் சொன்னது ஒரு பக்கம். பாதித் தூக்கம் வேண்டாம் என்று சொன்னது இன்னொரு பக்கம். வாழ்நாள் முழுக்க எந்தப் பக்கம் சாய்ந்திருப்பாரோ அந்தப் பக்கம் அவர் கால் ஒரு தடவை போகத்தான் பார்த்தது. கதவுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் கிளம்பியது.

கடைசி ஸ்டேஷனில் இறங்கியபோது பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். மேம்பாலம் இருந்தது, பின் வாசலும் இருந்தது. எதிரே சந்து, இரண்டு பக்கமும் பழக் கிடங்கு. அவள் சொன்னது ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவருக்குக் கண் கரித்தது. ஆஸ்பத்திரி மதில் வந்தது. மதில் நீண்டுகொண்டே போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்: பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது. மஞ்சள் கட்டடத்தைக் காணோம்.

நின்றார். இரண்டு பக்கமும் ஜனங்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். பழைய ஆள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். பதினைந்து என்றாளே? வழியை மாற்றிச் சொல்லியிருப்பாளோ? அந்த எண்ணம் வந்ததும் அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. “போய்த் தொலையேன்யா” என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டு நடந்தார். ஏழு நிமிஷம் கழித்து மதில் முடிந்தது. இடது பக்கம் மஞ்சள் கட்டடம், சாயம் போன மஞ்சள்.

உள்ளே நீளமான கூடம். நாற்காலி வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அவள் கூட வேலை பார்க்கும் பெண், இன்னொரு பக்கம் ஒல்லியாக ஒருவன், விரல் நகங்களில் கருப்பு எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. மகள் வாசலைப் பார்க்கவே இல்லை. யாரையும் எதிர்பார்க்காத ஆள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அவர் வழியெல்லாம் என்னென்னமோ யோசித்து வைத்திருந்தார். பக்கத்தில் போய் நின்றதும் வாயில் வந்தது ஒன்றுதான். “இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சும்மா.”

மகள் நிமிர்ந்தாள். “நான் போனாப் பதினஞ்சுதான்பா. கையில சாம்பிள் இருக்கும், நேரமானாக் கெட்டுரும். இந்த ஊர்ல நான் எங்க நடந்தேன்? ஓட்டந்தான். அதையே கணக்கு வெச்சுச் சொல்லிட்டேன்.”

அவர் அவளுடைய செருப்பைப் பார்த்தார். கல்யாணத்துக்கு வாங்கின புதுச் செருப்பு. குதிகாலில் மட்டும் பழைய காய்ப்பு. நான்கு வருஷமாக இவள் இப்படி ஓடிக்கொண்டிருப்பதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது. “நான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்மா. லாரிக்காரங்கிட்டப் போயி நடக்குற வழியைக் கேட்டேன்” என்றார்.

“அவங்களா பதினோரு பேரு?” அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒல்லிப் பையன் எழுந்து நின்று, “வாங்க சார்” என்று ஆரம்பித்து, “மாமா” என்று முடித்தான்.

பதினோரு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட எழுத்தர் அம்மாள் தாள்களைப் புரட்டினார். “பொண்ணு பக்கம் சாட்சி யாரு?”

“நான். அப்பா” என்றார் எடைக்காரர்.

“சாட்சி போடுறவரு, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் நேர்ல அறிஞ்சவரா இருக்கணும். இங்க எழுதணும். பொண்ணை எத்தனை வருஷமாத் தெரியும்னு கேக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையை எவ்வளவு நாளாத் தெரியும்?”

எடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “இருபத்தஞ்சு நிமிஷமா.”

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். “அப்படின்னா நீங்க போட முடியாது சார். ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்க வேற யாரும் இருக்காங்களா?”

பையன் அன்றைக்கே வந்து பார்க்கிறேன் என்றவன்தான். வேண்டாம் என்றது யார்? மகளுக்குக் கோபம்கூட வரவில்லை. இருபத்தாறு வருஷமாக அப்பாவைத் தெரிந்தவள். அவர் ஒரு கிலோ கூட்டி எழுதுகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பின்னால் திரும்பி, “நீ வாடி” என்றாள் தோழியிடம், மெதுவாக. அந்தக் குரலைத்தான் எடைக்காரரால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் எழுந்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

“இரும்மா” என்று அவளைக் கை காட்டி நிறுத்தினார். மகள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. இவரை உனக்குத் தெரியுமா?”

“தெரியும்பா.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

அவர் எழுத்தர் பக்கம் திரும்பினார். “நான் சொன்னது தப்பு. திருத்திக்குங்க. எனக்கு இவரை ரெண்டு வருஷமாத் தெரியும்.”

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அவர் கையிலிருந்த புடவைப் பையைப் பார்த்தார். பிறகு எழுதிவிட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினார். எடைக்காரர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற மகள் அப்போதுதான் முகத்தைப் பொத்திக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி, சத்தமாகவே அழுதாள்.